பதினாறாவது

சிக்னலில் நின்றால் விக்கும்.
யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே
இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டேன்.
இந்த நவம்பரில், ரியோனி பாலத்தின் நட்டநடுவில்
விக்கல் இருமலானது.
பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவர் வைத்திருந்த மெர்சிடீஸ்.
இருபத்திரண்டு வயது. தோல் இருக்கை, வால்நட் பலகை,
லேசாகச் சாத்தினால் மிச்சத்தைத் தானே இழுத்து மூடிக்கொள்ளும் கதவு.
எட்டு சிலிண்டர், ஒன்றுக்கு இரண்டு பிளக்.
எதிர்வீட்டு மெக்கானிக் ஸவூர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன கூலி
மருந்துக்கடையில் என் ஒரு மாதச் சம்பளம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை, முற்றம்,
இரவெல்லாம் ஆறிய எஞ்சின்.
கழற்றியதை வரிசையாக வைக்க ஒரு முட்டை அட்டை,
குழிக்குக் குழி எண் எழுதி.
மூன்றாம் மாடி ஜுஜுனா
துணிக்கொடிக் கயிற்றில் டார்ச்சை இறக்கினாள்.

வயரின் தொப்பியை இழுக்கக் கூடாது.
திருகி, அசைத்து, மெல்ல.
பல் மருத்துவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் பிளக் கிரீச்சென்று முனகி விட்டுக்கொடுத்தது.
முனை பிஸ்கட் நிறம், தேய்மானம் கொஞ்சம்தான்.
முர்மான் மாற்றியது. போலந்துக்கு லாரி ஓட்டப் போகும் முன்
ஒரு பகல் முழுக்க இதே இடத்தில் குனிந்து கிடந்தான்.
“பதினாறும் மாற்றியாச்சு!” என்று
கை கழுவாமலே என்னைத் தூக்கிச் சுற்றினான்.
அந்தச் சட்டையில் கறை இன்னும் போகவில்லை.

ஸவூர் சிகரெட்டோடு வந்து நின்றார்.
“அப்படியில்லை” என்றார், எட்டு தடவை.
ஒன்பதாவது பிளக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை.

புதியதை ரப்பர் குழாய்த் துண்டில் செருகி
விரலால் மட்டும் சுற்ற வேண்டும்.
மரை பிடித்தால் விரலுக்குத் தெரியும்.
அவசரப்பட்டால் அலுமினியம் வழுக்கிவிடும்,
அப்புறம் ஆயுசுக்கும் அழலாம்.

பதினைந்து முடிந்தபோது மணி நாலரை.

பதினாறாவது
ஸ்டீயரிங் தண்டுக்கும் பின்தகட்டுக்கும் இடுக்கில்.
கண்ணுக்குத் தெரியாது.
விரல் போகும், மணிக்கட்டு போகாது.
கடிகாரத்தைக் கழற்றினேன்.
பிறகு மோதிரத்தை.
தகட்டின் விளிம்பு புறங்கையில் ஒரு கோடு போட்டது.
வந்தது, துருவோடு.

மற்ற பதினைந்தும் ஒரு கம்பெனி. இது வேறு.
தொழிற்சாலையில் பூட்டிய அதே பிளக்.
முனை கரைந்து குண்டூசித் தலையாகி
இடைவெளியில் ஒரு தெத்ரிக் காசு நிற்கும்.
இருபத்திரண்டு வருஷம்.
பல் மருத்துவரின் ஆள், ருஸ்தாவி சந்தையில் விற்றவன், முர்மான்,
எல்லோரும் பதினைந்தோடு எழுந்து
இடுப்பை நிமிர்த்தியிருக்கிறார்கள்.

ஸவூர் முட்டை அட்டையைப் பார்த்தார்.
“குளிருது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோபம் என்று சொல்ல மாட்டேன்.
பதினாறு வாங்கினானே, மிச்சம் ஒன்றை
எங்கே போட்டான் என்றுதான் முதலில் தோன்றியது.
தேடினேன். டேஷ்போர்டு பெட்டியில்,
காப்பீட்டுக் காகிதங்களுக்கு அடியில்
பிரிக்காத சின்ன அட்டைப் பெட்டி.
எறியவும் மனசில்லை அவனுக்கு.
அதை அங்கேயே வைத்து மூடினேன்.

என்னுடையதைப் பூட்ட முக்கால் மணி நேரம்.
பாதியில் டார்ச் அணைந்தது. அணைந்தால் என்ன,
அங்கே பார்க்க எதுவும் இருந்ததில்லை.

சாவி போட்டேன். ஓடுகிறதா என்று
முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
“விக்கலையே!” மாடியிலிருந்து ஜுஜுனா.
“இனி யாரும் நினைக்கலை போல.”

இரவு முர்மான் கூப்பிட்டான்.
வண்டி எப்படி இருக்கிறது என்றான்.
பதினாறும் மாற்றினேன் என்றேன்.
அந்தப் பக்கம் வைப்பர் அடிக்கும் சத்தம்,
ஆறேழு தடவை.

“கை கிழிஞ்சுதா?” என்றான்.

கிழிந்தது என்றேன்.