மீண்டும் நிகழவில்லை

பெல்லந்தூரில் ஆறாவது மாடி.
ஏரி நுரைக்கும் வாடை
ஏசிக்குள்ளும் வரும்.
நாற்பத்தோராவது தடவை
அவன் அவளை நம்புகிறான்.

பெயர் தாமிரா.
மூன்றாம் பாகத்திலும் சாகவில்லை.
யாருக்காக உளவு பார்க்கிறாள் என்று
எழுதியவர்களுக்கே தெரியாது,
கேட்டால், அடுத்த பாகத்தில் என்பார்கள்.
மஞ்சள் மழைக்கோட்டு.
கையுறை கழற்றாமல் அவன் காயத்துக்குக் கட்டுப்போடுவாள்.
அதே கையால்
பிணவறைக் கதவை வெளியே தாழிடுவாள்.
உள்ளே அவன். அவனோடு
மெல்ல எழுந்துகொண்டிருக்கும் பதினேழு பேர்.

பயப்படுவது என் வேலையில் சேராது.
ரத்தம் சுவருக்குள் புகுந்துவிடுகிறதா,
செத்தவர்கள் படிக்கட்டில் சிக்கிக்கொள்கிறார்களா,
பார்த்து எழுத வேண்டும்.

இன்று வந்த புகார்:
தாழிட்டபின் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.
எப்போதாவது. அரை நொடி.
எதிர்பார்த்தது: நேராக நடந்துபோக வேண்டும்.
நடந்தது: நின்று, கழுத்தை மட்டும் திருப்பி.

"அவ யாக்கே பாக்கணும்?
அப்படி ஒரு அசைவே நாங்க செய்யல"
என்கிறான் அனிமேஷன் நாகேந்திரா.

நாற்பத்திரண்டு. பார்க்கவில்லை.
நாற்பத்து மூன்று.

போன ஞாயிறு கப்பன் பூங்காவில்
மூங்கில் புதர் ஓரம் ஒன்பது பேர் கூடினோம்,
ஓவர்டைம் பணம் பற்றிப் பேச.
வேர்க்கடலை வாங்கிவந்தது நான்.
செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடியில்
ஹெச்ஆர் சுசேதா
எனக்கும் சேர்த்துக் காபி சொன்னாள்.
"உன் கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுதுல்ல?"
அவ்வளவுதான் கேட்டாள்.
மூன்று பெயர்கள் சொன்னேன்.
நான்காவது நாக்கு வரை வந்தது.
விழுங்கினேன். காபி நல்ல சூடு.
அதைக் கருணை என்று
இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை பெனடிக்டா
கள்ளிச்செடியை அட்டைப்பெட்டியில் வைத்துத்
தூக்கிக்கொண்டு என் நாற்காலியைக் கடந்து போனாள்.
மர்ஃபி டவுனிலிருந்து
ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் நாங்கள்.
லிஃப்ட் மூடும் சத்தம் வரை
என் கழுத்து திரையைப் பார்த்தே இருந்தது.
எதிர்பார்த்தபடியே.

நள்ளிரவு தாண்டி, அறுபத்தெட்டாவது தடவை
தாழ்ப்பாளைப் போட்டாள்.
நாலு எட்டு வைத்தாள்.
நின்றாள்.
முகத்தில் ஒன்றும் இல்லை, செய்துவைத்த அதே முகம்.
கண் மட்டும் கதவின் மேல்.
இல்லை, கதவைத் தாண்டி,
கன்ட்ரோலரைப் பிடித்திருந்த என்மேல்.
பிறகு மழை. பிறகு அவள் இல்லை.

ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.
அழித்தேன்.
புகாரைத் திறந்து
'அறுபத்தெட்டு முறை சோதித்தாயிற்று.
நிலை: மீண்டும் நிகழவில்லை'
என்று எழுதி மூடினேன்.

யாருக்காக என்று கேட்காதீர்கள்.
கீழே வெளிவட்டச் சாலையில்
கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.
ஏறினால்,
ஜன்னலோரம் பக்கத்து சீட் காலி.