பட்டாணி எலும்பு

யாஷ் நகரின் லிண்டன் மரங்கள் பூக்க
இன்னும் மூன்று மாதம் இருந்தபோது
கல்லூரியைப் பூட்டினார்கள்.
ருமேனியா முழுக்கக் கதவு சாத்தியிருந்தது.
உடற்கூறியல் கூடத்தில் கையெழுத்திட்டு வாங்கிய
மணிக்கட்டு எலும்புகள் எட்டும்
என்னிடமே தங்கிவிட்டன,
புதினா மிட்டாய் டப்பாவில்.
திருப்பித் தர வேண்டிய நாள் வெள்ளி
என்றிருக்கிறது சீட்டில்.
எந்த வெள்ளி என்று சொல்ல ஆளில்லை.

காலை எட்டிலிருந்து இரண்டு வரை
சுகாதாரத் துறையில் எனக்கொரு தொலைபேசி.
"வணக்கம், சொரானா பேசுகிறேன், மருத்துவ மாணவி.
இன்று காய்ச்சல் எவ்வளவு?"
முப்பத்தேழு நான்கு.
முப்பத்தெட்டு.
தெர்மாமீட்டர் இல்லை,
நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆளும் இல்லை.
பாஷ்கானியிலிருந்து ஒரு பேக்கரிக்காரர்,
வெளியே வந்ததும் முதலில் சுடப்போகும் ரொட்டியை
தினம் ஒன்றாக மாற்றிச் சொல்வார்.
ஒன்பதாம் நாள் எடுக்கவில்லை.
அட்டவணையில் அதற்கும் கட்டம் உண்டு: பதிலில்லை.
குறியிட்டேன். அடுத்த எண்ணை அழுத்தினேன்.
அன்று மதியம் பசித்தது, சாப்பிட்டேன்.
முதலில் பயந்தது அதற்குத்தான்.

மாலையில் கணினியில் மனநல வகுப்பு.
நூற்றிருபது கறுப்புச் சதுரங்களைப் பார்த்து
மனச்சோர்வின் அறிகுறிகளை
விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போனார் பேராசிரியை லுமினிட்சா.
தேர்வுக்கு வரும் என்று வேகவேகமாகக் குறித்தேன்.
ஆறாவதில் பேனா நின்றது.
கையெழுத்து மட்டுமல்ல,
எழுதியிருந்ததும் என்னுடையது.

டீன் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது.
கடந்த இரண்டு வாரத்தில்
எத்தனை நாள் தூக்கம் கெட்டது?
எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை?
எல்லாவற்றுக்கும்
"ஒருநாளும் இல்லை."
எந்த விடைக்கு மதிப்பெண் என்று
தெரிந்தே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி
டப்பா கை தவறி விழுந்தது.
படகெலும்பு கிடைத்தது. பிறையெலும்பு கிடைத்தது.
கொக்கியெலும்பு கட்டிலடியில்.
ஏழு.
பட்டாணி எலும்பை மட்டும் காணோம்.
ரேடியேட்டருக்குப் பின்னால் சீப்பை விட்டுத் துழாவினேன்,
செருப்பைத் தட்டினேன், போர்வையை உதறினேன்.
பேக்கரிக்காரருக்கு அழாதவள்
பெயர் தெரியாத யாரோ ஒருவரின்
சுண்டுவிரல் பக்கத்துச் சிற்றெலும்புக்காக
தரையில் குப்புறக் கிடந்து அழுதேன்.
வாயைப் பொத்தவும் தோன்றவில்லை.

மறுநாள் பட்டியலில் பதினேழாவது:
கொட்ரின் உங்குரியானு, மாணவர் விடுதி, அறை 514.
என் அறை 513.
"காய்ச்சல்?"
"முப்பத்தேழு இரண்டு."
"இருமல்?"
"தேவலை."
"மூச்சு?"
"இருக்கிறது."
பிறகு அவன்:
"ராத்திரி என்ன தேடினாய்?"

அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

எலும்பில் ஆரம்பித்தேன்.
எங்கெங்கோ போய்ப் பேக்கரியில் நின்றேன்.
நாற்பது நிமிடம்.
மேற்பார்வையாளர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்,
என் பட்டியலின் மீதியை
ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.
"நானும் ஒருநாளும் இல்லை என்றுதான் போட்டேன்,"
என்றான் கொட்ரின்.
இருமினான், அல்லது சிரித்தான்.

படிவத்தைத் திறந்து பார்த்தேன்.
கெடு முடிந்தது, இனித் திருத்த முடியாது.
இரண்டு நாள் கழித்து
பேராசிரியையின் எண்ணை அழுத்தினேன்.
மூன்று மணி அடித்தது. வைத்துவிடலாம் என்றிருந்தது.
நாலாவதில் எடுத்தார்; பின்னால் ஒரு நாய் குரைத்தது.
"நான் சொரானா, மருத்துவ மாண—"
என்று பழக்கத்தில் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டு
"தினமும்" என்றேன்.
கேள்வி எதுவென்று அவர் கேட்கவில்லை.

எலும்பு இன்னும் கிடைக்கவில்லை.
சூப் பாக்கெட்டிலிருந்து பொறுக்கி
ஓர் உலர்ந்த பட்டாணி போட்டு வைத்திருக்கிறேன்,
டப்பாவைக் குலுக்கினால் எட்டுபோலக் கேட்கும்.
கூடம் திறக்கிற அன்று
அதை வெளியே எடுத்துவிட்டு
ஏழு என்றே எழுதிக் கொடுப்பேன்.