கூட்டல் ஒன்று

கெமியார்வி ஏரிக்கரையில் முதல் குளிர்காலம் எடுத்த
இருநூற்றுப் பதினான்கு படங்களும்
வெளுக்காத பனியன் நிறத்தில் இருந்தன.

பனி அப்படி இருக்காது, எனக்குத் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
சாலையிலிருந்து அதைத் தள்ளிப் பிழைப்பவள் நான்.
டன் கணக்கில் வெள்ளையை ஓரங்கட்டும் கைக்கு
ஒரு விரற்கடை வெள்ளை
படத்தில் வரமாட்டேன் என்றது.

கேமராவுக்கு ஒரு பிடிவாதம்.
உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் என்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
பனிவெளியைக் காட்டினால்
இவ்வளவு வெளிச்சமா, இருக்காதே என்று
கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறது.
கூட்டல் ஒன்று வை,
வெயில் விழுந்தால் ஒன்றரை.
கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்.
மூன்று மாதம் கழித்துத்தான் பிரித்தேன்.

அப்புறம் பேட்டரி.
கழித்தல் இருபத்தேழில்
நிறைந்திருந்தது, இரண்டே படத்தில் செத்தது.
இப்போது இன்னொன்று என் அக்குளில் குடியிருக்கிறது.
முக்காலியை வெறுங்கையால் தொட்டதில்
விரல்நுனித் தோல் கொஞ்சம் அதனிடமே தங்கிவிட்டது.
வீட்டுக்குள் நுழையுமுன்
கேமராவைப் பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.
மறந்த அன்று லென்ஸ் குப்பென்று வியர்த்தது,
பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் நெற்றிபோல.

ஜனவரியில் இங்கே பகல் என்பது
தெற்கே யாரோ கதவைத் திறந்து
ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது.
பதில் சொல்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.

எடுத்ததைத் திருத்துவது வேறு தொழில்.
நிழலில் கிடந்த பனி நீலமாய் வந்தது.
தப்பு என்று நினைத்து நீலத்தைத் துடைத்தேன்.
ஏரி மைதா மாவானது.
மாறுபாட்டை ஏற்றினேன், பற்பசை விளம்பரமானது.
மறுநாள் வண்டியை நிறுத்திவிட்டு
வெறும் கண்ணால் நிழலைப் பார்த்தேன்.
நீலம்தான்.
இருபத்தாறு வருடமாய் அதன்மேல் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமைப் படம் கொஞ்சம் தேறியது.
விரிசல் ஒன்று கரையில் தொடங்கி
தையல் பிரிந்த மாதிரி தீவுவரை ஓடுகிறது.
மேலே இளஞ்சிவப்பு, ஒரு சொட்டு.
நடுவில் மட்டும் கறுப்பாய் ஒரு தூசி.
சென்சார் தூசி என்று ஒரே சொடுக்கில் அழித்தேன்.
சுத்தம்.
அவ்வளவு சுத்தமாய் நான் எதையும் செய்ததில்லை.

பெட்ரோல் நிலையத்தில் காப்பி குடிக்கும்போது
மர ஆலை தைஸ்தோ போனை வாங்கிப் பார்த்தான்.
பெருவிரலால் விரித்தான், சுருக்கினான்,
மறுபடி விரித்தான்.
"வியாழக்கிழமை" என்றான்.
"எப்படித் தெரியும்?"
"அந்த விரிசலைத் தாண்டப் பயந்துகொண்டு
முக்கால் மணி நேரம் நின்றேன்.
தூண்டில் எல்லாம் அந்தப் பக்கம்.
கரையில் உன் மஞ்சள் வண்டி தெரிந்தது.
விழுந்தால் பார்க்க ஒரு ஆள் இருக்கிறது என்று
தாண்டினேன்."
காப்பியை ஒரு வாய் குடித்தான்.
"நான் எங்கே இதில்?"

சட்டகத்துக்கு வெளியே என்று சொன்னேன்.
அவனும் தலையாட்டினான்.
பிறகு மாடே மீனின் ஈரல் பற்றிப் பேசினோம்,
வெண்ணெயில் எவ்வளவு நேரம் வதக்குவது என்று.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
திருத்தங்களின் வரிசையில் பின்னால் போனேன்.
பதினேழு, பதினாறு, பதினைந்து.
பதினொன்றில் வந்தான்.
நானூறு மடங்கு பெரிதாக்கினால்
ஆறு கறுப்புக் கட்டங்கள்,
பக்கத்தில் சறுக்குவண்டியாக இருக்கலாம் ஒரு கட்டம்.
விரிசலுக்கு இந்தப் பக்கம்.

வலது மேல் மூலையில் இன்னொரு புள்ளி இருக்கிறது.
வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்து பார்த்தேன்,
அதே இடத்தில் அதே புள்ளி.
சனிக்கிழமையும்.
அது தூசிதான், சத்தியமாய்.
ஆனாலும் தைஸ்தோவுக்குப் போன் போட்டேன்,
அன்றைக்கு ஏரியில் வேறு யாராவது இருந்தார்களா என்று.
தூக்கத்திலிருந்து எழுந்த குரல்
இல்லை என்றது, ஏன் என்றது.

ஒன்றுமில்லை, மணி இரண்டாகிறது,
தெருவில் பதினைந்து சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது,
வண்டியை எடுக்க வேண்டும்.