இருபது முழ வெறுமணல்

சோழகம் எழும்ப இன்னும் இரண்டு கிழமை.
அதற்குள் வாரி முடிக்கவேணும்,
சேமக்காலையிலிருந்து இறங்குதுறை வரைக்கும்
சவுக்கங்காட்டுக்கும் எங்கள் கூரைகளுக்கும் நடுவில்
இருபது முழ அகலத்தில்
வெறும் மணல்.

எரிவதற்கு ஒன்றுமில்லாத ஓரிடம்.
அந்தோனியாரிடம் எதையெதையோ கேட்ட ஊர்
இந்த வருசம் கேட்டது இதைத்தான்,
அதுவும் கச்சேரியிடம்.

சவுக்குச் சருகு சத்தமில்லாமல் சேரும்.
பார்த்தால் மெத்தை.
கையில் அள்ளினால் சிக்கெடுக்காத தலைமயிர்.
அதற்கடியில் நெருப்பு
மூன்று நாள் மூச்சுக் காட்டாமல் படுத்துக்கிடக்கும் என்று
போன ஆடியில்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தீயணைப்பு வண்டி
மணலில் அச்சுவரை புதைந்து நின்றது.
அதையும் நாங்கள்தான் தள்ளினோம்,
முதுகில் வெக்கை அடிக்க அடிக்க.
சேமக்காலையில் ஏழு மரச்சிலுவை போனது.
ஒன்று என் மச்சானுடையது.

ஆர் வைத்தது என்று விசாரிக்க வந்தவர்களுக்கு
ஊர் ஒரே பதில் சொன்னது:
டவுனிலிருந்து வந்து கோழி வாட்டின பொடியள்.
வெள்ளை வான். நம்பர் பார்க்கவில்லை.
நானும் தலையாட்டினேன்.
வானைக் கண்டதாகவும் சொன்னேன்.

வன இலாகாவிலிருந்து கௌதமி என்றொரு பிள்ளை வந்தாள்.
வெயிலில் நின்றே கூட்டம் நடத்தினாள்.
"காத்தைத் திட்டாதேங்கோ.
காத்திட்டை நெருப்புப்பெட்டி இல்லை."
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சாரத்தின் மடிப்பைச் சரிசெய்தேன்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள்.
இங்கே காவோலை விழுவதில்லை;
பனையின் கழுத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டே நிற்கும்.
நெருப்பு அதைப் பிடித்துத்தான் ஏறினது,
யாரோ ஏணி சாத்திவைத்த மாதிரி.
குருத்தோலைக்குச் சிரிக்க நேரம் கிடைக்கவில்லை.
இப்போது இராசகுலம் ஏறி மரம் மரமாய் வெட்டுகிறான்.
மரத்துக்கு நூறு என்று தொடங்கி
மூன்றாம் மரத்தின் உச்சியில் இருந்தபடி
நூற்றைம்பது என்றான்.
கீழே நின்று பேரம் பேச யாருக்கும் கழுத்து வளையவில்லை.

சங்கத்துச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது.
குப்பை கொளுத்துவது மழைக்குப் பிறகு.
பீடித் துண்டைத் தண்ணிப் போத்தலில் போடவேணும்.
கிழிந்த வலை எரிக்கப்படாது,
நிறுத்துச் சங்கத்தில் ஒப்படைக்கவேணும்.
கடைசி வரியை நான் இரண்டுதரம் வாசித்தேன்.

வரிசையில் மிக நீளமான துண்டை
நானே கேட்டு வாங்கினேன்.
"அண்ணைக்கு நல்ல மனசு" என்றாள் எமில்டா.

ஒன்பதாம் நாள்.
வாருகோலின் பல்லில் என்னவோ தட்டுப்பட்டது.
உருகி இறுகின நைலோன்,
தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு கறுப்புக் கட்டி.
உடைந்த பக்கத்தில்
இன்னும் செம்மஞ்சள்.
இந்தக் கரையில் எல்லோருக்கும் பச்சை வலை.
செம்மஞ்சள் என்னுடையது மட்டும்.

எமில்டா பார்த்தாள்.
கட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
அவளுடைய வீட்டின் பின்கூரை
இன்னும் தறப்பாள்தான்.

"உங்கட பக்கம் இன்னும் அரையடி சருகு கிடக்கு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வாரி முடித்தேன்.
பிறகு கட்டியைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன்.
கொப்பிக்குப் பொறுப்பான பொடியன் தராசில் வைத்தான்.
முந்நூற்றிருபது கிராம்.
"இதென்ன வலையோ?"
வலைதான்.
"எப்ப கிழிஞ்சது?"
போன ஆடி.
பேனை கொஞ்சம் நின்றது.
"பேர்?"
வென்சிலாஸ்.
எழுதினான். அவன் கையெழுத்து வடிவானது,
தூரத்திலிருந்தே வாசிக்கலாம்.

பின்னேரம் தெற்கிலிருந்து
முதல் காற்று வந்தது, சும்மா பார்த்துப்போகிற மாதிரி.
போகும்போது வெறுமணலில்
ஒரு பிடி சருகைப் போட்டுவிட்டுப் போனது.

வாருகோலை எடுத்துக்கொண்டு
திரும்பவும் போனேன்.