இரண்டாம் சுற்றின் வளைவு

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தவள் ப்ருனெல்லா.
நாலே நாள் பழக்கம்.
சிற்றாலயத்தில் பாதிரியார் ஆசீர்வதிக்கும்போதே
பளிங்குத் தரையில் லத்தி போட்டாள்.
பேட்டையே கைதட்டியது, நல்ல சகுனமாம்.

சேணமில்லாத முதுகு.
மெத்தை சாத்திய அந்த வளைவில்
அவள் திரும்பினாள், நான் திரும்பவில்லை.

வாய் நிறைய மஞ்சள் மண்.
படுத்தபடியே பார்த்தேன்:
முன்னே தனியாக அவள்.
இடக்காது மட்டும் பின்னுக்கு மடிந்திருந்தது,
நான் வழக்கமாக வசவு சொல்லும் காது.

ஜெயித்துவிட்டாள்.
சியெனாவே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது.
என் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராத்திரி லாயத்துக்குப் போனேன்.
சட்டைப்பையை மோந்து கேரட்டை உருவிக்கொண்டாள்.
பிறகு, விலா முறிந்த பக்கத்துத் தோளில்
தலையை வைத்தாள்,
முழுப் பாரத்தோடு.

நகரவில்லை நான்.