மணல் கணக்கு

ஜட்லாந்தின் மேற்குக் கரையில்
எங்கள் ஊருக்குத் துறைமுகம் வருமுன்
அலைதான் துறை.
இடுப்பளவு நீரில் நின்று
ஆணும் பெண்ணுமாய்ப் படகை மணலில் ஏற்றினார்கள்.
ஒரு மார்ச் காலையில் மூன்று படகுகள்
மணல்திட்டில் தட்டிக் கவிழ்ந்தன.
கரையிலிருந்தே பார்த்தார்கள்,
முகம் அடையாளம் தெரிகிற தூரம்.

அதன் பிறகுதான் மனு எழுதினார்கள்.
இருபத்தாறு மனு.
கோபன்ஹேகனிலிருந்து வந்த பொறியாளர்
காலணியைக் கழற்றித் தட்டிவிட்டுச் சொன்னாராம்:
"கட்டலாம். ஆனால் மணல் விடாது."
ஊர்க்கூட்டக் குறிப்பேட்டில்
இரண்டாவது வாக்கியத்தை யாரோ அடித்திருக்கிறார்கள்.

சிமெண்ட் கைகள் இரண்டு கடலுக்குள் நீண்டன.
திறப்பு விழாவன்று முதலில் நுழைந்தது
லவுஸ்ட் க்ரோன்பொர்க்கின் படகு.
அடுத்து நுழைந்தது மணல்.

அன்று தொடங்கிய வேலை இன்று என்னுடையது.
தூர்வாரும் கப்பலில் இரவுப் பணி.
குழாய் உறிஞ்சித் துப்புவதில் என்னென்னவோ வரும்:
ரப்பர் கையுறைகள் (எப்போதும் இடது கைதான், ஏனென்று தெரியவில்லை),
துளைபட்ட ராணுவத் தொப்பி, உள்ளே குடியிருக்கும் நண்டு.
ஒருமுறை ப்ரேபென் ஒரு கல்யாண மோதிரம் எடுத்தான்.
உட்புறம் பொறித்த பெயரை விளக்கில் படித்தான்,
திரும்ப நீரில் போட்டுவிட்டான்.
நான் கேட்கவில்லை. ஊர் சின்னது.

எழுபதுகளில் மீன்மாவு ஆலை.
வெளியே துணி உலர்த்த முடியாத நாற்றம்.
நாற்றம் வராத நாளில்தான்
அம்மா கவலைப்படுவாள்.

பிறகு கோட்டா விலைக்கு வந்தது.
மீன் இங்கேயே நீந்தியது;
அதைப் பிடிக்கும் உரிமை வேறு ஊருக்குப் போனது.
ஒரே கோடையில் பதினொரு படகு.
ஹெர்லுஃப் அந்தப் பணத்தில் புதிய சமையலறை கட்டினான்.
ஜன்னலைக் கிழக்கே வைத்தான்,
வயலைப் பார்த்து.

ஏலக்கூடம் இருந்த இடத்தில் இப்போது
காற்றாலை இறக்கைகள் படுத்திருக்கின்றன,
தேவாலயத்தைவிட நீளமாய்.
அவற்றை ஏற்றவரும் கப்பலுக்கு
இன்னும் இரண்டு மீட்டர் ஆழம் வேண்டுமாம்.

வாரிய மணலைத் தெற்குக் கரையில் கொட்டுகிறோம்.
தென்மேற்குக் காற்று எழுந்தால்
வழி தெரிந்த மாடு போல
திரும்பி வருகிறது.

காலை ஆறு மணி. பதிவேட்டில் எழுதுகிறேன்:
ஆயிரத்து நானூறு கனமீட்டர்.
வீட்டு வாசலில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுகிறேன்.
ஒரு கைப்பிடி விழுகிறது.
அது கணக்கில் சேராது.