ஊர் பெயர் சர்ப்ரைஸ்

அரிசோனாவில் அக்டோபரும் கோடைதான்.
ஸ்டாண்டில் இருநூறு பேர் இருந்தால் அதிகம்.
அதில் நாற்பது பேர் வேலையாக வந்தவர்கள்:
மடியில் லேப்டாப், கையில் ரேடார் துப்பாக்கி,
வாயில் சூரியகாந்தி விதை.
பந்து வீசுகிறவன் காலைத் தூக்கியதும்
துப்பாக்கிகள் சேர்ந்து எழும்,
குளத்தோரக் கொக்குகள் கழுத்தை நீட்டுவதுபோல.
கையுறையில் பந்து விழுந்ததும்
நாற்பது தலையும் குனிந்து எழுதும்.

நானும் எழுதுவேன். என்னை யாரும் கேட்டதில்லை.
இரவு பதினொன்றுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட்.
அதுவரை இங்கே, மூன்றாம் பேஸ் பக்கம்,
நோட்டும் பென்சிலுமாக.

லேபில் எண் வரும், முகம் வராது.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு.
யாருடையது,
ஜன்னலோரக் கட்டிலா, கூட யாராவது இருக்கிறார்களா,
தெரியாது.
இங்கே முகமும் எண்ணும் சேர்ந்தே வருகின்றன.
அதற்காகத்தான் வருகிறேன் என்று நினைக்கிறேன்.

யோர்டானி பெகேரோ, பத்தொன்பது வயது.
சென்டர் ஃபீல்டில் நின்றபடி
ஸ்பானிஷில் தன்னையே திட்டிக்கொள்வான்.
மூன்று முறை காற்றை அடித்துவிட்டுத் திரும்புகையில்
மட்டையைப் பார்ப்பான், அது பொய் சொன்னதுபோல.
அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜைப் பற்றி
வேலியோரம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.
ஐஸ் தானாகவே விழுமாம்.

பாலைக்குப் பொழுது நண்பகல் என்று படித்திருக்கிறேன்.
பொருள் தேடிப் போகிறவன்
அந்த வெயிலைக் கடந்தாக வேண்டும்.
இந்தப் பையன்களுக்குக் கொஞ்சம் சலுகை.
ஆட்டம் ஆறரைக்கு. விளக்கு உண்டு.

கோல்பி ஹ்ரூஸ்கா, நெப்ராஸ்காக்காரன்.
முழங்கையின் உட்புறம்
ஜிப் வைத்துத் தைத்ததுபோல் தழும்பு.
பதினான்கு மாதம் பந்து வீசாமல் இருந்தவன்.
அந்த வியாழக்கிழமை
தொண்ணூற்றெட்டு மைல். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு.
எனக்கு முன்னால் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பிறகு தொண்ணூற்றொன்று.
பிறகு எண்பத்தொன்பது.
துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.
ஒருவர் நாச்சோஸ் வாங்க எழுந்து போனார்.

இந்த இறக்கம் எனக்குப் பழக்கம்.
விடிகாலை மூன்று மணிக்கு
வார்டுக்குப் போன் போட வைக்கிற இறக்கம்.
இங்கே யாருக்குப் போடுவது?

கேட்சர் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு
மேட்டுக்கு நடந்தான். பிறகு கோச் நடந்தார்.
ஹ்ரூஸ்கா பந்தைக் கொடுக்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.
கொடுத்தான்.
அவன் பெயருக்கு எதிரே
‘போச்சு’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை எனக்குப் பின்வரிசையில் அவன்,
மடியில் ஒரு ரேடார் துப்பாக்கி.
வீசாத நாளில் மற்றவன் வீச்சைக் கணக்கெடுக்க வேண்டும்,
அதுதான் இங்கே வழக்கம்.
பேனா எழுதவில்லை. என் பென்சிலைக் கேட்டான்.
“நீங்க எந்த டீமோட ஸ்கவுட்?”
“எந்த டீமும் இல்ல.”
“அப்புறம் எதுக்கு எழுதறீங்க?”
சொல்வதற்குள் நோட்டில் தன் பெயரைப் பார்த்துவிட்டான்.
விரல் எண்களின் மேல் ஊர்ந்து
கடைசிச் சொல்லில் நின்றது.
“இதுக்கு என்ன அர்த்தம்?”

“தொடரும்” என்றேன்.
வாய் கூசவில்லை.

தொப்பியைக் கழற்றினான்.
விளிம்பின் அடிப்பக்கம் ஏற்கெனவே இரண்டு பெயர், ஒரு சிலுவை.
அவற்றின் கீழே, நாக்கு நுனியைக் கடித்தபடி,
என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தான்.
கொம்பை விட்டுவிட்டான்.
‘பாச்சு’ என்றாகிவிட்டது.
நான் திருத்தவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் பெகேரோ
வேலியில் மோதி ஒரு பந்தைப் பிடித்தான்.
ஹ்ரூஸ்கா இடது கையால் மட்டும்
தொடையில் தட்டினான்.

பென்சில் அவனிடமே போய்விட்டது.
கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடும்போது
உள்ளே விளக்குகளை அணைத்து
புல்லுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.
வேலிக்கு இந்தப் பக்கம்வரை
ஈர மண் வாசனை.